மக்னா என்றால் என்ன? கொம்பில்லாத ஆண் யானைக்கு வந்த சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவில் இருக்கிறது. ராகி அறுப்புக் காலம் வந்துவிட்டால் டீக்கடையில் யானைப் பேச்சுதான். 2023 பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பேச்சில் ‘மக்னா’ என்ற சொல் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. அது என்ன சொல், எந்த மொழி, திட்டா பட்டமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மக்னா என்றால் என்ன?

தந்தம் வெளியே வளராத ஆண் யானை. அவ்வளவுதான். வயது, குணம், ஊர், எதையும் அந்தச் சொல் சொல்லவில்லை. வாயைப் பற்றி மட்டும் சொல்கிறது.

சில மக்னாக்களுக்கு உதட்டோரம் குட்டையாக இரண்டு முளைகள் தெரியும். பெண் யானைகளுக்கும் அப்படி உண்டு. அது தந்தமாக நீளாது.

அது ஒரு குறிப்பிட்ட யானையின் பெயர் இல்லையா? செய்தியில் ‘மக்னா பிடிபட்டது’ என்றுதானே வந்தது?

இந்தக் குழப்பம் எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு இருக்கிறது; அதற்குக் காரணமும் இருக்கிறது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு வனச்சரகத்தில் ஒரு மக்னாவை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். டாப்சிலிப்பிலிருந்து வந்த சின்னத்தம்பி என்ற கும்கி, அதாவது காட்டு யானையைப் பிடிக்க உதவும் பழக்கிய யானை, அதில் வேலை செய்தது. அந்தச் சின்னத்தம்பியே 2019-இல் கோவைப் பக்கம் பிடிக்கப்பட்டு, கொண்டுபோய் விட்ட காட்டிலிருந்து திரும்ப இறங்கி வந்து, இரண்டாம் தடவை பிடிபட்ட யானை என்பதை நினைத்தால் சிரிப்பும் வரும், என்னவோ போலவும் இருக்கும்.

பிடித்த மக்னாவை ஆனைமலை புலிகள் காப்பகத்தில் வரகளியாறு பகுதியில் விட்டார்கள். இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. பொள்ளாச்சி வழியாக நடந்து, மதுக்கரை தாண்டி, கோவை நகர எல்லைக்கே வந்துவிட்டது. பேரூர்ப் பக்கத்தில் திரும்பப் பிடித்து மானாம்பள்ளி காட்டுக்குள் விட்டார்கள். ஜூலை கடைசியில் பொள்ளாச்சி அருகே சரளப்பதியில் மூன்றாம் முறையாகப் பிடித்து, சின்னக்கல்லாறு பக்கம் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டில் மழை கொட்டும் இடங்களில் சின்னக்கல்லாறு முதல் வரிசை. ராகியும் மானாவாரிப் பயிரும் தின்று வளர்ந்த எங்கள் ஊர் யானைக்கு அந்த ஈரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

இந்த ஆறு மாதமும் செய்தியில் அந்த யானைக்கு வேறு பெயர் இல்லை. ‘மக்னா’, ‘தர்மபுரி மக்னா’ என்றே சொன்னார்கள். கேட்டவர்கள் அதை ராமன், முருகன் போல ஒரு பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் வயநாட்டில் ஓர் ஆளைக் கொன்ற ‘பேலூர் மக்னா’ செய்தி வந்தபோது, “நம்ம மக்னா அங்கே போயிடுச்சா?” என்று ஒருவர் கேட்டார். அது வேறு யானை. கர்நாடகத்துப் பேலூர்ப் பக்கம் பிடித்து, கழுத்துப் பட்டை மாட்டி விடப்பட்டது.

சரி, எந்த மொழிச் சொல்?

நேராக வந்தது இந்தியிலிருந்து. இந்தியிலும் உருதுவிலும் ‘மக்னா’ என்றால் தந்தமில்லாத ஆண் யானை. வேர் சமஸ்கிருதத்தின் ‘மத்குண’ என்ற சொல் என்று 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் காட்டுகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

மத்குண என்பதற்கு அகராதியில் உள்ள பொருள்களைப் பார்த்தால் வேடிக்கை. முதல் பொருள் மூட்டைப்பூச்சி. அடுத்து, தாடி மீசை முளைக்காத ஆள். அப்புறம்தான் தந்தமில்லாத யானை. மூன்றும் எப்படி ஒரு சொல்லுக்குள் வந்தன? இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது என் கணிப்பு: ஆணுக்கு முகத்தில் முளைக்க வேண்டியது முளைக்கவில்லை. மனிதனுக்கு மீசை, யானைக்குத் தந்தம். மூட்டைப்பூச்சி எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்காதீர்கள், அது எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும்.

ஆக, மூலத்தில் அது கொஞ்சம் கேலிச் சொல். ‘மீசை முளைக்காதவன்’ என்று யானையைச் சொல்வது போல. இன்று அதே சொல்லைக் கேட்டால் ஊரே கதவைச் சாத்துகிறது.

இந்திச் சொல் நம் காட்டுக்குள் எப்படி நுழைந்தது?

யானை பிடிப்பவர்கள், பழக்குபவர்கள் வாயிலாக. யானைத் தொழிலின் சொற்கள் மாநில எல்லை பார்ப்பதில்லை. கும்கி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘குமக்’ என்றால் பாரசீகத்தில் உதவி. உதவிக்கு வரும் யானை கும்கி. வங்காளப் பக்கம் காட்டு யானையை மயக்கிப் பிடிக்க உதவிய பெண் யானைகளை அப்படிச் சொன்னார்கள். இங்கே சின்னத்தம்பி மாதிரி கொம்பன்களும் கும்கிதான். காட்டு யானைக் கூட்டத்தை விரட்டி வேலிக்குள் அடைக்கும் ‘கெட்டா’ முறையும் இந்திப் பெயரோடுதான் மைசூர்க் காடுகளுக்கு வந்தது. 1870-களில் மைசூரில் யானை பிடிக்கும் பொறுப்பில் இருந்த சாண்டர்சன் எழுதியதில் மக்னா சாதாரணமாக வருகிறது.

எங்கள் மாவட்டங்களில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவில் பேசப்படும். அதனால் சொல் வெளியூர்ச் சொல்லாக யாருக்கும் உறுத்தவில்லை. ஆனாலும் பழைய ஆட்கள் சாதாரணமாக அதைச் சொல்லிக் கேட்டதில்லை. வனத்துறை அறிக்கையிலிருந்து செய்திக்கு வந்து, செய்தியிலிருந்து டீக்கடைக்கு வந்த சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா?

இருக்கிறது, பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கேரளத்தில் தந்தமில்லாத ஆண் யானையை ‘மோழ’ என்பார்கள். மோழயானை என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதே சொல் தமிழ் அகராதியில் ‘மோழை’ என்று உள்ளது. கொம்பில்லாத மாடு, மொட்டையானது, மரத்தின் அடிக்கட்டை, மடமை என்றெல்லாம் பொருள். முளைக்க வேண்டிய இடத்தில் மழுங்கி நிற்பது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கருத்து.

நாம் மோழையை மாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு அதையும் மறந்துவிட்டோம், மலையாளிகள் யானைக்கும் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டார்கள். ‘மோழை யானை’ என்று யாராவது எழுதினால் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது மக்னா ஊன்றிவிட்டது. அதை விரட்டுவது அந்த யானையை விரட்டுவதைவிடக் கஷ்டம்.

ஆணும் பெண்ணும் பிரித்துச் சொல்ல நமக்குக் களிறு, பிடி உண்டு. பிடி என்ற பெண்பெயர் யானைக்கே உரியது என்று தொல்காப்பிய மரபியலே வரையறுத்துவிட்டது. மக்னா இலக்கணப்படி சுத்தமான களிறு.

கொம்பன் என்கிறோம், தந்தம் என்கிறோம். யானைக்கு இருப்பது கொம்பா, பல்லா?

பல். மேல்தாடையின் முன்பல் இரண்டும் வெளியே நீண்டதுதான் தந்தம். கோரைப்பல் இல்லை, நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் ‘தந்த’ என்றாலே பல், பல்பொடி விற்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். மாட்டுக் கொம்பு எலும்பின் மேல் நகம் போன்ற உறை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் தமிழில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. சங்கப் பாடல்களில் மருப்பு, கோடு என்ற சொற்கள் யானைத் தந்தத்துக்கும் வரும், எருமை, மான் கொம்புக்கும் வரும். ஆகவே கொம்பன் என்பது தப்பில்லை. அந்தக் கணக்கில் மக்னாவைக் கொம்பில்லாத யானை என்பதும் சரி.

மக்னாவையும் பெண் யானையையும் தூரத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

இதுதான் உயிர் போகிற கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மார்கழியில் நானும் சித்தப்பாவும் பரணில் காவல் இருந்தோம். களத்தில் ராகிப் போர். விடியற்காலை மூன்று மணி இருக்கும். சத்தமே இல்லாமல் ஒரு யானை போர் பக்கத்தில் நின்றது. டார்ச் அடித்தேன். ஒரு பிடி தாளை உருவி, முன்னங்காலில் இரண்டு தட்டு தட்டி, கதிர்ப் பக்கத்தை வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சத்தைச் சட்டையே செய்யவில்லை. வாயோரம் வெறுமையாக இருந்தது.

“பெட்டைதான் சித்தப்பா, கொம்பக் காணோம். சத்தம் போட்டா போயிடும்” என்று இறங்கப் போனேன்.

கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “பெட்டை தனியா வருமாடா? நெத்தியப் பாரு. துதிக்கை ஆரம்பிக்கிற எடத்தப் பாரு. ஒலக்கையாட்டமா இருக்குது? அடிமரமாட்டம் இருக்குது.”

அன்றைக்கு அவருக்கு மக்னா என்ற சொல் தெரியாது. “கொம்பு மொளைக்காத ஆம்பள” என்றுதான் சொன்னார். எனக்குத் தெரிந்த வரையறைகளில் அதுதான் சரியானது.

அவர் காட்டிய அடையாளங்கள்தான் முக்கியம். ஆண் யானைக்குத் துதிக்கையின் அடி அகலமாக, புடைத்து இருக்கும். மக்னாவுக்கு அது இன்னும் கனமாகத் தெரியும். நெற்றி மேடு எடுப்பாக இருக்கும். வளர்ந்த ஆணின் தோள் உயரம் ஒன்பது அடியைத் தொடும், தாண்டும்; பெண் எட்டடிப் பக்கத்திலேயே நின்றுவிடும். பெண் யானை பெரும்பாலும் கூட்டத்தோடு, குட்டியோடு இருக்கும். கொம்பில்லாத பெரிய யானை தனியாக நின்றால் மக்னா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னத்தில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், எண்ணெய் வழிந்தது போல் கறுப்பாக ஈரக்கோடு தெரிந்தால் மதம் பிடித்திருக்கிறது. அப்போது எந்த ஆராய்ச்சியும் வேண்டாம்.

மக்னா கொம்பனைவிட முரடு என்கிறார்களே? கொம்பு இல்லாத ஆத்திரம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

ஆத்திரக் கதை மனிதக் கதை. தனக்குக் கொம்பில்லை என்று எந்த யானையும் கண்ணாடி பார்த்து வருத்தப்படுவதில்லை.

வயலுக்கு வருவதில் தந்தத்துக்குப் பங்கில்லை. வளர்ந்த ஆண் யானைகள், கொம்பனோ மக்னாவோ, கூட்டத்தைவிட அதிகமாகப் பயிர்மேயும். குட்டி இல்லை, பொறுப்பு இல்லை. ஆபத்தை எடுத்தாவது சத்துள்ள தீனி தின்றால் உடம்பு பெருக்கும், மதம் நன்றாக வரும், பெண் யானையிடம் மதிப்பு கிடைக்கும். ராகியைவிட அதற்கு என்ன வேண்டும்?

சண்டையில் தந்தம் இல்லாதது குறைதானே என்பார்கள். அசாமின் காசிரங்கா காட்டில் கொம்பன்களும் மக்னாக்களும் கலந்து வாழ்கின்றன. அங்கே பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களுக்குள் யார் விட்டுக்கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதில் மதமும் உடல் பருமனும்தான் பெரிசு, தந்தம் அவ்வளவு பெரிசில்லை என்று தெரிந்தது. மதத்தில் இருக்கும் மக்னா முன்னால் மதமில்லாத கொம்பன் ஒதுங்கும். ஊர் அரசியலில் பார்ப்பதுதான்.

தந்தம் ஏன் சிலதுக்கு முளைப்பதில்லை? வேட்டையாடியதாலா?

பிறவியிலேயே அப்படி. மரபுவழி வருவது. ஆனால் சாண்டர்சன் அது பரம்பரையாக வருவதில்லை என்று நினைத்தார். மரபியல் என்ற துறையே பிறக்காத காலம், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஊருக்கு ஊர் கணக்கு மாறும். தென்னிந்தியாவில் ஆண் யானைகளில் மிகப் பெரும்பாலானவை கொம்பன்கள். மக்னா குறைவு, அதனால்தான் செய்தியாகிறது. அசாம் பக்கம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இலங்கையில் தலைகீழ்: நூறு ஆண்களில் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம். அங்கே கொம்பன் வந்தால் செய்தி.

வேட்டைக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு என்று ஆப்பிரிக்காவில் நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். கொரோங்கோசா காட்டில் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள். போருக்கு முன் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த தந்தமில்லாத பெண் யானைகள், பிறகு ஏறக்குறைய பாதியாகிவிட்டன. தந்தம் இல்லாதது சுடப்படவில்லை, பிழைத்தது, பெற்றது. ஆனால் அங்கே தந்தமில்லாமை தாயிடமிருந்து பெண் குட்டிக்கு வருகிறது; அந்த மரபணு ஆண் கருவுக்கு வந்தால் அது பிறப்பதே இல்லை என்கிறது 2021-இல் வந்த ஆய்வு. அதனால் அந்த வழியில் மக்னா உருவாக முடியாது. ஆசிய யானைக்கு நடப்பது வேறு.

நம் காட்டிலும் தந்த வேட்டை கொஞ்சநஞ்சம் நடக்கவில்லை. ஒகேனக்கல், சத்தியமங்கலம் காடுகளில் வீரப்பன் கதை ஊரறிந்தது. அது 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே முடிந்தது. துப்பாக்கி தேடியது கொம்பன்களை. மக்னாவைச் சுட்டால் என்ன கிடைக்கும்? அதற்காக இங்கே மக்னா பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. யானையின் தலைமுறை நீளம், நம் கணக்குக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் தராது.

மக்னா குட்டி போடுமா? அதாவது, அப்பாவாகுமா?

ஆகும். குறையொன்றும் இல்லை. மகனுக்குக் கொம்பு இருக்கவும் செய்யலாம்.

கடையில் விற்கும் மக்கானாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அது நீரில் வளரும் ஒரு செடியின் விதை, ‘மகான்ன’ என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. வெண்ணெயைக் குறிக்கும் மக்கனுக்கும் தொடர்பில்லை. ஒருவர் “வழவழன்னு இருக்கிறதால மக்கன்” என்று விளக்கம் கொடுத்தார். அழகான விளக்கம், தப்பான விளக்கம்.

மக்னா என்பது பெயரா, பெயரடையா? மக்னா யானை என்று எழுதினால் கூறியது கூறலா?

தமிழில் வந்தபின் அது பெயர்ச்சொல்லாகவும் நிற்கிறது, அடையாகவும் நிற்கிறது. ‘மக்னா வந்தது’ என்றால் பெயர். ‘மக்னா யானை’ என்றால் சாரைப்பாம்பு மாதிரி; பாம்பு என்று சொல்லாவிட்டாலும் சாரை பாம்புதான், ஆனாலும் சேர்த்துச் சொல்கிறோம். பள்ளியில் படித்த இருபெயரொட்டு. எனவே கூறியது கூறல் என்று திருத்த வேண்டாம். ‘ஆண் மக்னா யானை’ என்று எழுதுகிறார்களே, அதைத் திருத்தலாம். பெண் மக்னா என்று ஒன்று கிடையாது. ஆப்பிரிக்காவின் தந்தமில்லாத பெண் யானையையும் மக்னா என்று சொல்ல வேண்டாம்.

பன்மைக்கு மக்னாக்கள். எழுத்தில் மாக்னா, மக்கனா என்றும் பார்க்கிறேன், மக்னா போதும்.

ஊருக்குள் வந்தால் வனத்துறைக்குப் போன் செய்யும்போது என்ன சொல்ல வேண்டும்?

பதற்றத்தில் ‘மக்னா வந்திருச்சு’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு வேண்டியது வேறு. தனியா, கூட்டமா, குட்டி இருக்கிறதா, மதநீர் வழிகிறதா, எந்தக் காட்டைப் பார்த்து நிற்கிறது. முக்கியமாக, பக்கத்தில் யார் தோட்டத்திலாவது கம்பியில் மின்சாரம் விட்டிருக்கிறார்களா என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன.

கொம்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசியாகச் சொன்னால் போதும்.